வடகிழக்கு மூலை

ஆல்டோவுக்குக் கடலில் ஒரு பார் இருக்கிறது. எனக்கு இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நான் செய்ததைக் கேட்டுவிட்டு, 'சீ, இவனெல்லாம் ஒரு மனுஷனா' என்று யாரும் திகைக்க வேண்டியதில்லை. பார் என்றால் கடலுக்கு அடியில் கிடக்கும் பாறை மேடு, மீன் வந்து அடைகிற இடம். குமரிக் கடற்கரையில் எங்கள் ஊரில் புதிதாக ஒரு பாரைக் கண்டுபிடித்தவன் பெயரையே அதற்கு வைத்துவிடுவார்கள். அவன் செத்த பிறகும் அந்தப் பெயர் நிற்கும். பத்தொன்பது வயதில், மீசை ஒழுங்காக முளைக்காத காலத்தில், ஆல்டோ ஒன்றைக் கண்டுபிடித்தான். அன்றிலிருந்து அது 'ஆல்டோ பார்'. நான் பன்னிரண்டு வருஷம் கடலுக்குப் போனவன். என் பெயரில் அங்கே ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது. வயிறு எரியுமா, எரியாதா? நீங்களே சொல்லுங்கள்.

எரிகிற தீயில் எண்ணெய் வார்த்ததுபோல என் தங்கை லிஜியையும் அவனுக்கே கட்டிக் கொடுத்தோம். அப்புறம் அவனுக்கு விசா எடுத்து சார்ஜாவுக்குக் கூட்டி வந்ததும் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதேதான். "மாப்பிள்ளையை ஒரு கரை சேர்த்துவிடு மக்கா" என்று அம்மா அழுதாள். சேர்த்தேன். முவைலாவில் என் ரூமிலேயே, என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் கொண்டுவந்து சேர்த்தேன்.

வேலை இருவருக்கும் ஒரே கம்பெனியில். ஹம்ரியா துறைமுகத்திலிருந்து சர்வே போட்டில் போவோம். எண்ணெய்க் குழாய் போடுவதற்கு முன்னால் கடலின் தரையைப் படம் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு இரும்புக் கருவியைக் கேபிளில் கட்டித் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போவோம். அது ஒலியை அனுப்பித் தரையில் என்ன கிடக்கிறது என்று திரையில் காட்டும். தொழிலில் அந்தக் கருவிக்குப் பெயரே 'ஃபிஷ்'தான். மீன் பிடித்த கையால் இரும்பு மீனை இழுத்துக்கொண்டு திரிந்தோம். மூன்றே வருஷத்தில் ஆல்டோவும் எனக்குச் சமமாக நின்றான். எனக்கு அதற்கு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், அது இல்லாமல் இந்தக் கதை விளங்காது. எங்கள் ஊரில் பார் எங்கே இருக்கிறது என்று யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். கடலில் நின்று கரையைப் பார்த்து, கோயில் கோபுரமும் இன்ன மலையும் ஒரே நேராக வரும் இடம் என்று அடையாளம் வைத்திருப்பார்கள். அதற்குக் கணியம் என்று பெயர். கூடை நிறைய மீனோடு வருகிறவனிடம் "எங்கலேய் பிடிச்ச?" என்று கேட்டால் கூசாமல் பொய்க் கணியம் சொல்வான். கேட்டவனுக்கும் அது பொய் என்று தெரியும். இதில் கோபதாபம் ஒன்றும் கிடையாது. மேற்கு என்றால் கிழக்கு என்று எடுத்துக்கொண்டு போவான், அவ்வளவுதான். கேட்காமலே ஒருவன் பார் இருக்கும் இடத்தைச் சொன்னால்தான் பயப்பட வேண்டும்.

ஆல்டோ வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை. லீவு நாள். ஷேரி மீன் பிடிக்கத் தூண்டிலோடு துறைமுகத்துக் கல்சுவருக்குப் போனோம். நான் அதற்கு முந்தின வாரம் நல்ல இடம் பார்த்து வைத்திருந்தேன்.

"மச்சான், எந்த முனையில கொத்தும்?" என்றான்.

"தெக்கு முனைக்குப் போ மாப்ள. அள்ளு அள்ளுன்னு அள்ளலாம்."

"செரி மச்சான்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு நேராக வடக்கு முனைக்குப் போய் உட்கார்ந்தான், படுபாவி. நான் பார்த்து வைத்திருந்த அதே கல்லில்! இரண்டு மணி நேரத்தில் வாளி நிறைந்துவிட்டது. ரூமில் எங்களோடு தங்கியிருந்த அன்பரசன், அரியலூர் பக்கத்துக்காரன், கட்டட வேலை, அன்று மீன் கழுவிக்கொண்டே கேட்டான்.

"எப்படிண்ணே இவ்ளோ மாட்டுச்சு?"

"அது ஒண்ணுமில்ல. மச்சான் தெக்குன்னு சொன்னா வடக்குன்னு அர்த்தம்" என்றான் ஆல்டோ.

அன்பரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய?

அதற்கு மூன்று வருஷம் கழித்து, இரண்டாயிரத்து ஏழு ஆகஸ்டில், டி.வி.யில் ஒரு செய்தி வந்தது. வடதுருவத்தில், பனிக்குக் கீழே நாலு கிலோமீட்டர் ஆழத்தில், நீர்மூழ்கியில் போய் ரஷ்யாக்காரன் கொடி நட்டுவிட்டான். பனி உருகுகிறது, உருகினால் கீழே எண்ணெய், மேலே புதுக் கப்பல் வழி. அதனால் கனடா கத்துகிறது, டென்மார்க் கத்துகிறது, அமெரிக்காவும் கப்பல் அனுப்புகிறது.

"யோவ், பனி உருகி கப்பலெல்லாம் அந்தப் பக்கமா போயிட்டா துபாய் போர்ட்ட மூடிருவானுவளா?" என்று அன்பரசன் கவலைப்பட்டான். "நம்ம பில்டிங்கு பாதில நிக்குதே."

"உனக்க பில்டிங்கு பனி உருகாமலே நிக்கும், பயப்படாத" என்றேன்.

ஆல்டோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "கொடி நட்டா ஆச்சா மச்சான்? கடலுக்கடியில உள்ள அந்த மலை அவனுக்க தரையோட சேர்ந்து கெடக்குதுன்னு காட்டண்டாமா? படம் பிடிச்சுக் காட்டினவனுக்குத்தான் அது. நம்ம பார்ச்சண்ட மாதிரிதான்."

அவன் சொன்னது சரி. இரண்டு ஊர்க்காரர்கள் ஒரு பாருக்காக வெட்டிக்கொண்டு செத்ததை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம். இங்கே வெட்டரிவாள் இல்லை, சர்வே கப்பல். ஆனால் நான் சொல்ல வேண்டியதை அவன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டானே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. டி.வி.யை நிறுத்திவிட்டேன்.

மறு வருஷம் ஏப்ரலில் அந்தச் சண்டை எங்கள் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டது. ஓலாவ் என்று ஒரு நார்வேக்காரர் வந்தார். ஆறரை அடி உயரம், வெயிலில் நண்டு மாதிரி சிவந்துபோயிருந்தார். பனிக்கடலில் தரையைப் படம் பிடிக்க ஒரு கப்பல் கிளம்புகிறதாம். எந்த அரசாங்கத்துக்காக என்று வாயைத் திறக்கவில்லை. எல்லா நாடும் ஒரே நேரத்தில் கப்பல் எடுத்ததால் ஃபிஷ் இழுக்கத் தெரிந்த ஆள் உலகத்தில் கிடைக்கவில்லை. எங்களிடமிருந்து ஒரே ஒரு ஆள் வேண்டும். ஆறு வாரம் கப்பல், ஆறு வாரம் வீடு. சம்பளம் இங்கே வாங்குவதைப்போல நாலு மடங்கு.

சம்பளம் கிடக்கட்டும். பேச்சோடு பேச்சாக அவர் இன்னொன்றும் சொன்னார். அங்கே கடலுக்கடியில் மனிதக் கண் படாத மேடுகள் நிறைய இருக்கின்றனவாம். புதிதாகத் தட்டுப்பட்டால் கப்பல் பட்டியலில் ஒரு பெயர் எழுத வேண்டும், பல நேரம் திரையில் முதலில் பார்த்தவன் பெயரையே எழுதிவிடுவார்களாம்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. நான் போக வேண்டும். என் பெயரில் ஒரு மேடு வேண்டும். அதுவும் உலகத்தின் உச்சியில்! ஆல்டோ பார் எல்லாம் எந்த மூலைக்கு?

ஆல்டோ கையைத் தூக்கினான். "நானும் பேர் குடுக்கேன் சார்."

அவனுக்கும் காரணம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. லிஜிக்கு அப்போது அஞ்சு மாதம். அதற்கு முன்னால் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போக முடிந்தால் பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம். அதைத்தான் அவன் ரூமில் அன்பரசனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கீழ்க்கட்டிலில் தூங்குவதுபோலப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டும் மனசு இளகவில்லை. 'உனக்குப் பாரும் இருக்கு, பொண்டாட்டி மேல ஆசையும் இருக்கு, ஐஸ் கப்பலும் வேணுமாக்கும்' என்றுதான் தோன்றியது.

வீட்டிலிருந்து என் மனைவி சுகிர்தராணி போன் செய்தாள். "ஆல்டோ ஐஸ் நாட்டுக்குப் போறானாமே? கெட்டிக்காரப் பய. கோயில்ல எல்லாருக்கும் அதுதான் பேச்சு."

"நானும்தான் பேர் குடுத்திருக்கேன்."

"ஓ, நீங்களுமா?" என்றாள்.

அந்த 'நீங்களுமா' என்பதை நினைத்து நினைத்து மூன்று நாள் வெந்தேன். கட்டினவளுக்கே என்மேல் நம்பிக்கை இல்லை பாருங்கள்.

ஓலாவ் ஒரு பரீட்சை வைத்தார். ஹம்ரியாவுக்கு வெளியே, கடலில் இரண்டு மைலுக்கு இரண்டு மைல் ஒரு சதுரம். அதற்குள் எங்கோ ஒரு கான்கிரீட் கட்டையைச் சங்கிலியோடு போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம். முழுச் சதுரத்தையும் ஓட்டிப் பார்க்க அரை நாள் ஆகும், அதனால் எங்கே தேடுவது என்று புத்தியால் முடிவு செய்ய வேண்டும். காலையில் நான், அதன் பிறகு ஆல்டோ. கட்டை அதே இடத்தில்தான் கிடக்கும். ஒருவரிடம் ஒருவர் பேசக்கூடாது என்று அவர் சொல்லவே இல்லை. வேலை ஒன்று, ஆள் இரண்டு, இதில் எவன் எவனுக்குச் சொல்லிக் கொடுப்பான் என்று நினைத்திருப்பார்.

இனிமேல்தான் என் யோக்கியதை.

பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் ஃபிஷ்ஷைக் கழுவும்போது ஒன்றைக் கவனித்தேன். கேபிள் வந்து சேரும் இடத்தில் தண்ணீர் புகாமல் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதில் முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு. ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ தாங்கும், பிறகு உப்புத் தண்ணீர் ஏறி, திரை கறுத்துப் போகும். ஸ்டோரில் புது வளையம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

திட்டம் சுலபம். காலையில் என் முறைக்குப் புது வளையம். முடித்து வந்ததும் துடைக்கிற சாக்கில் அதைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டிவிடுவேன். ஆல்டோ நடுக்கடலில் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். பாவம் என்று தெரியாமல் இல்லை. அடுத்த சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் போயிற்று என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். எவ்வளவு முன்யோசனை பாருங்கள் எனக்கு!

காலை ஆறு மணிக்கெல்லாம் வெயில் முதுகில் ஏறிவிட்டது. ஓலாவ் வருவதற்குள் மாற்றிவிடலாம் என்று போட்டில் ஏறி ஃபிஷ்ஷைத் திறக்கப் போனேன். இணைப்பைச் சுற்றி நீல டேப் புதிதாக ஒட்டியிருந்தது. ஆல்டோ இடது கைக்காரன். அவன் டேப் சுற்றினால் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும். இது எதிர்ப்பக்கம் சுற்றிய டேப். பிரித்துப் பார்த்தேன். உள்ளே புது வளையம், அளவாகக் கிரீஸ்கூடத் தடவியிருந்தது.

படகுத்துறையில் நின்றுகொண்டிருந்த ஆல்டோ குரல் கொடுத்தான். "மச்சான், அந்த வளையம் வெடிச்சுப் போய் கெடந்துது. ஸ்டோர்ல பாத்தேன், இல்ல. எனக்க டூல்பாக்ஸ்ல ஒண்ணு வச்சிருந்தேன், மாத்திட்டேன். பயப்படாம இழுங்க."

"நீ எதுக்கு மாத்தின? எனக்க டர்ன்தானே மொதல்ல?"

"நம்மள்ல யாரு போனா என்ன? நம்ம ஆளுவளுக்கு ஒரு ஃபிஷ்ஷ இழுக்கத் தெரியலன்னு அந்த வெள்ளைக்காரன் சொல்லப்பிடாதுல்லா" என்றான்.

ஸ்டோரில் இல்லாத அந்த வளையம் என் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராக இருந்தது. அவன் மாற்றாமல் விட்டிருந்தால் நடுவில் கருவி கெட்டு நான்தானே தோற்றிருப்பேன்? நான் வேறு வளையம் வைத்திருந்தது அவனுக்குத் தெரியாது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சதுரத்தின் வரைபடத்தில் இரண்டு மேடுகள் இருந்தன. தென்மேற்கில் ஒன்று, பெரியது. வடகிழக்கு மூலையில் ஒன்று, சிறியது. மேட்டின் அடிவாரத்தில் ஒரு பொருளைப் போட்டால் மேட்டின் நிழல் திரையில் அதை மறைத்துவிடும். ஒளிக்கிறவன் அப்படித்தான் ஒளிப்பான். எல்லோரும் முதலில் பெரிய மேட்டுக்குத்தான் ஓடுவார்கள், எனவே இவர் சின்னதில் போட்டிருப்பார் என்று கணக்குப் போட்டேன். வடகிழக்குக்கு விட்டேன். ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆனது. கடைசியில் நிழலின் ஓரத்தில் சதுரமாக ஒரு பொட்டு, அதிலிருந்து வால்போல ஒரு சங்கிலி. ஓலாவ் என் தோளில் தட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

கரைக்குத் திரும்பும்போது எனக்கு வெற்றி ருசிக்கவில்லை. பையில் அந்த வளையம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆல்டோவும் கண்டுபிடித்தால் நேரத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். அவன் என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பான், சந்தேகமே இல்லை. போகட்டும், அவனே போகட்டும், லிஜி பிள்ளைத்தாச்சியாக இருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது உண்மை. இதை மட்டும் நம்புங்கள்.

படகுத்துறையில் கயிறு கட்டினதும், ஓலாவ் தண்ணீர் குடிக்கப் போன நேரம், ஆல்டோ போட்டில் ஏறினான். அவன் எதையும் கேட்கவில்லை. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நானாகத்தான் அவன் காதுப்பக்கம் குனிந்தேன்.

"லேய் மாப்ள. வடகிழக்கு மூலை. சின்ன மேட்டுக்க அடியில. நேரா அங்க போ."

ஆல்டோ என்னைப் பார்த்தான். வாய் ஓரத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை வாளியோடு வந்தபோது இருந்த அதே சிரிப்பு.

"செரி மச்சான்" என்றான்.

நான் அப்போதே அவன் கையைப் பிடித்து நிறுத்தி, அடே, இது பொய்க் கணியம் இல்லை, அம்மா மேல் ஆணை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓலாவ் வந்துவிட்டார். போட் கிளம்பிவிட்டது. நான் படகுத்துறையில் நின்று கண்மேல் கையை வைத்துப் பார்த்தேன். துறைமுக வாயைத் தாண்டினதும் போட் தென்மேற்கே திரும்பியது.

இரண்டு மணி நேரமும் நான் ரூமுக்குப் போகவில்லை, அங்கேயே ஒரு டிரம் மேல் உட்கார்ந்திருந்தேன். வயர்லெஸ் ஆபீஸ் இருபதடி தூரத்தில்தான் இருந்தது. போய்ப் பேசியிருக்கலாம். எழுந்து இரண்டு அடி வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன்.

போட் வெறும் கையோடு வந்தது. ஓலாவ் இருவரையும் உள்ளே கூப்பிட்டு என் படத்தைத் திரையில் காட்டினார். வடகிழக்கு மூலை, சின்ன மேட்டின் அடி, சதுரப் பொட்டு, சங்கிலி. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சந்தோஷம் வந்தது, மறைக்க மாட்டேன். பொங்கிக்கொண்டு வந்தது. ஆல்டோவின் முகத்தைப் பார்க்கும்வரைக்கும் பொங்கியது.

திரும்பி வரும் வேனில் அவன் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"எனக்கும் மொதல்ல வடகிழக்குன்னுதான் மச்சான் தோணிச்சு. நைட்டே மேப்ப பாத்து முடிவு பண்ணி வச்சிருந்தேன்."

"பிறவு எதுக்குலேய் தெக்க போன?"

"நீங்க சொல்லிட்டியளே. கேக்காமலே சொன்னியளா, அப்போ அங்க இருக்காதுன்னு நெனச்சிட்டேன்." மறுபடியும் சிரித்தான். "தப்பு எனக்குத்தான். நீங்க வாழ்க்கையில ஒரே ஒரு தடவ நேரா சொன்னிய, அன்னைக்குப் பாத்து எனக்க புத்தி கோணலாப் போச்சு."

அவன் என்மேல் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொள்ளாம் மச்சான், நல்லா போய்ட்டு வாங்க என்றான். ரூமுக்கு வந்து அன்பரசனிடமும் சிரித்துக்கொண்டே சொன்னான். அன்பரசன் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குளிக்கப் போனான்.

ஓலாவிடம் போய் நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவன் முதலிலேயே சரியாகக் கணித்தவன், அவனையே எடுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால், பரீட்சையில் இடத்தைச் சொல்லிக் கொடுத்தாயா என்று இரண்டு பேரையும் ஒதுக்கிவிடுவார் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். நல்ல சமாதானம். அதைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினேன். ஆல்டோ ஏர்போர்ட் வரை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். துபாய் தேராவில் வாங்கினது என்று ஒரு கம்பளித் தொப்பியையும் கொடுத்தான்.

பனிக்கடலில் ஆகஸ்ட் மாதம் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. கப்பல் பனிக்கட்டிகளை இடித்துக்கொண்டு போகும். ஓலாவும் கப்பலில் வந்திருந்தார். அவர் சொன்னதுபோல அங்கே நாங்கள் தனியாக இல்லை. தூரத்தில் வேறொரு நாட்டின் கப்பலும் அதே தரையைப் படம் பிடித்துக்கொண்டு திரிந்தது. ஒருநாள் அவர்கள் ரேடியோவில் மரியாதையாகக் கேட்டார்கள்: இன்று எந்தப் பக்கம் போகிறீர்கள்? ஓலாவ் சட்டென்று கிழக்கு என்று சொல்லிவிட்டுக் கப்பலை மேற்கே விடச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அட, நம்ம ஊர்க்காரன்! அரைமணி கழித்துப் பார்த்தால் அந்தக் கப்பலும் மேற்கேதான் திரும்பியிருந்தது. ஓலாவ் நார்வே மொழியில் ஏதோ திட்டினார். என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மூன்றாவது வாரம், என் டியூட்டியில், திரையில் ஒரு மேடு வந்தது. தண்ணீருக்கு அடியில் ஆயிரத்து நானூறு மீட்டர் ஆழத்தில், எந்த வரைபடத்திலும் இல்லாத மேடு. உச்சி வட்டமாக, கவிழ்த்து வைத்த சட்டிபோல இருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். ஓலாவ் கப்பல் பட்டியலைத் திறந்து, என் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு, 'கிளிட்டஸ்' என்று எழுதினார். இது கப்பல் பெயர்தான், அரசாங்கப் பெயர் இல்லை என்றார். அதனால் எனக்கென்ன? என் முப்பத்தாறாவது வயதில் கடல் என் பெயரைச் சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்குப் பத்து நிமிஷம் சாட்டிலைட் போன் தருவார்கள். என் வீட்டு எண்ணைப் போட்டேன். எடுத்தது லிஜி. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, வந்திருந்தாள்.

"அண்ணாவா? மைனி கோயிலுக்குப் போயிருக்கா. நீ சொகமா இருக்கியா?"

"சொகம். லிஜி, கேட்டியா, ஒரு விசேஷம்..."

"இரு அண்ணா. ஒண்ணு கேக்கட்டா? மூணு மாசமா மனசுல கெடக்கு."

"கேளு."

"அன்னைக்கு அவருக்குக் கட்டை வடகிழக்குல கெடக்குன்னு நீதான் சொன்னியாமே. அவரு கேக்காமலே சொன்னியாமே."

"ஆமா. சத்தியமா நேராத்தான் சொன்னேன் லிஜி. கட்டையும் அங்கதான் கெடந்துது. உனக்க மாப்பிள்ளதான் நம்பல."

"தெரியும். அவரும் அதைத்தான் சொல்லிச் சிரிச்சாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீ சொன்னா அவரு அங்க போவமாட்டாருன்னு உனக்குத் தெரியாதா அண்ணா?"

சாட்டிலைட் போனில் ஒரு சொல் போய்ச் சேர ஒரு நொடி பிடிக்கும். அந்த ஒரு நொடிக்குள் எனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. படகுத்துறையில் அவன் வாய் ஓரத்தில் வந்த சிரிப்பு. அதைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால், குனிந்து அவன் காதில் சொன்னபோது? அப்போது தெரியுமா? தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். மனசார உதவி செய்தேன் என்றுதான் அதுநாள்வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் ஓடுகிற ஓசையும், கப்பலின் வயிற்றில் பனிக்கட்டி உரசுகிற ஓசையும்தான் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"செரி, சொல்லண்டாம்" என்றாள் லிஜி. "குளிருல பத்திரமா இரு. தொப்பி போட்டுக்க."

போனை வைத்துவிட்டாள். எனக்கு இன்னும் ஏழு நிமிஷம் மீதி இருந்தது. அடுத்து நின்றவனிடம் போனைக் கொடுத்துவிட்டு மேலே போனேன். மேட்டுக்கு என் பெயர் வைத்ததை லிஜியிடம் சொல்லவில்லை. சுகிர்தராணியிடமும் சொல்லவில்லை. ஊரில் இன்னும் ஆல்டோ பார்தான் இருக்கிறது.